ஜேம் போத்தலும் வண்ணத்துப்பூச்சியும்

எருக்கலை இலையில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு ஒரு புழுவைக் கண்டால் "மயிர்க்கொட்டி" என்று நசுக்கிவிடுகிறோம். அதன் உடம்பில் கொட்டும் மயிரே இல்லை. அமெரிக்காவின் மொனாக் வண்ணத்துப்பூச்சிக்கு உறவினமான 'பிளேன் டைகரின்' புழு அது.

கடந்த வருடம் கொஸ்லந்தயில் எங்கள் வீட்டில் நானும் தம்பியும் ஒன்றை ஜேம் போத்தலில் வளர்த்தோம். தங்கப் பொட்டு வைத்த பச்சைக் கூடாக அது தொங்கியபோது உம்மா "ஸுப்ஹானல்லாஹ்" என்றார். ஆனால் வெளியே வந்த பூச்சிக்குச் சிறகை விரித்துத் தொங்க இடமில்லை. சிறகு மடங்கியபடியே காய்ந்துவிட்டது. அது பறக்கவே இல்லை. குற்றம் எங்களுடையது.

அதற்காக வளர்க்கவே கூடாது என்பதல்ல என் கருத்து. உருமாற்றத்தைப் படம் வரைந்து புள்ளி எடுக்கும் நாம், ஒரு முறையாவது அதைக் கண்ணால் காண வேண்டும். ஒன்றிரண்டு போதும், நெருக்கி வளர்த்தால் நோய் பரவும். வலை போட்ட அகன்ற பெட்டியும் தினமும் புதிய இலையும் வேண்டும். எருக்கலைப் பால் கண்ணுக்கு ஆபத்து, கையைக் கழுவுங்கள். சிறகு காய்ந்ததும் விட்டுவிடுங்கள். வீட்டுக்குள் வளர்ந்த மொனாக்குகள் தெற்கே வலசை போகும் திசையறிவை இழக்கக்கூடும் என்று 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. பெட்டி ஒருபோதும் வெளிக்கு ஈடாகாது.

பெற்றோரே, தேனீ, எறும்பு, சிலந்தி ஆகியவற்றின் பெயரில் அல்குர்ஆனில் அத்தியாயங்கள் உண்டு. சின்னஞ்சிறு படைப்பும் நம்மிடமுள்ள அமானிதமே. வேலியோரத்து எருக்கலையை விட்டுவையுங்கள். இந்த வருடம் எங்கள் வாப்பா வெட்டவில்லை.