"உண்மை மாதிரி" என்பது எந்த நீர்?

உலோக அயனிகளைக் கண்டறியும் மின்வேதி உணரிகள் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளின் இறுதியில் "உண்மை மாதிரி" என்றொரு பகுதி இடம்பெறுவது வழக்கம். படிப்பவர் கிணற்றுநீரை எதிர்பார்ப்பார். பல கட்டுரைகளில் அது ஆய்வகக் குழாய்நீரே. தெரிந்த அளவு அயனியை அதில் கலந்து, அளவீட்டில் எத்தனை சதவீதம் மீண்டது என்று காட்டுவதோடு அப்பகுதி முடிந்துவிடுகிறது.

இது வெறும் சொற்குழப்பமன்று. ஆர்செனிக்கை எடுத்துக்கொள்வோம். உலோகப்போலியாயினும் இத்துறை அதை உலோக அயனிகளோடு சேர்த்தே ஆராய்கிறது. மேற்கு வங்கத்தில் நிலத்தடிநீர் ஆர்செனிக்கால் விளைந்த தோல் நோய்கள் 1983 முதல் அடையாளம் காணப்பட்டன. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பதே உலக சுகாதார நிறுவனமும் இந்தியத் தரநிர்ணயமும் வகுத்துள்ள வரம்பு.

தங்க நானோ துகள்கள் படிந்த மின்முனையில் மூவிணைதிற ஆர்செனிக் முதலில் ஒடுக்கமடைந்து தனிமமாகப் படிகிறது. மின்னழுத்தத்தை நேர்த்திசையில் உயர்த்தும்போது ஆக்சிஜனேற்றமடைந்து கரைகிறது. அப்போது எழும் மின்னோட்ட உச்சம் செறிவை உணர்த்துகிறது. நானோ கட்டமைப்பு வினைப்பரப்பைப் பெருக்குவதால் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கும் குறைவான கண்டறிதல் வரம்புகள் எட்டப்பட்டுவிட்டன. எனினும் அவற்றுள் பெரும்பாலானவை தூய கரைசல்களில் பெறப்பட்டவை.

அடிகுழாய் நீர் அத்தகையதன்று. தாமிரம் இருந்தால் அதுவும் தங்கப் பரப்பில் உடன்படிந்து உச்சத்தைக் குழப்பும். கரிமப் பொருள்கள் மின்முனையை மூடும். ஐந்திணைதிற ஆர்செனிக்கை முன்னதாக ஒடுக்காவிடில் பெரும்பகுதி கணக்கில் வராது. நஞ்சுள்ள நீரும் பாதுகாப்பானதாகத் தோன்றும். அந்நீரைக் குடிக்கும் குடும்பத்துக்கு வேண்டியது 8-ஐயும் 12-ஐயும் பிழையின்றிப் பிரித்தறியும் கருவி, 0.01-ஐக் காணும் கருவியன்று.

குழாய்நீர்ச் சோதனை பயனற்றது என்பதன்று வாதம். அயனியைக் கலந்து மீட்பு காண்பது ஏற்கப்பட்ட முறை. புதிய பொருளொன்றுக்கு அது நேர்மையான முதற்படி. தொலைமாவட்டங்களிலிருந்து மாதிரி திரட்ட ஆய்வு மாணவருக்கு நிதியும் காலமும் அரிது என்பதும் மெய். ஆனால் முதற்படியை இறுதிப்படியின் பெயரால் அழைப்பது, எஞ்சிய பணி முடிந்துவிட்டதெனும் தோற்றத்தைத் தருகிறது.

ஆகவே நெறியாளர்களும் மதிப்பீட்டாளர்களும் மூன்று விவரங்களைக் கேட்கலாம். நீர் எவ்விடத்தில் எடுக்கப்பட்டது, அதில் இரும்பும் தாமிரமும் எவ்வளவு? அயனி எதையும் கலக்காத அதே நீருக்கு ஐ.சி.பி.-எம்.எஸ். கருவி தந்த அளவு என்ன? ஒரே மின்முனை எத்தனை நாள்கள் மாறாத விடை தந்தது? இவற்றுக்கு விடையில்லாத கட்டுரையும் வெளிவரட்டும். "அயனி கலந்த குழாய்நீர்" என்றே அப்பகுதிக்குத் தலைப்பிடட்டும்.