பண்ணைக்கு அனுப்பப்பட்டவர்கள்

“இது தேவதைக் கதை காமிக்ஸ் தோழர். இதிலுமா ஒடுக்குமுறையைத் தேடுவீர்கள்?”

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ‘ஃபேபிள்ஸ்’ தொடரைப் பற்றிப் பேசிய அன்று வந்த கேள்வி இது. நாங்கள் தேடிப்போகவில்லை. இரண்டாம் தொகுதியைத் திறந்தபோது அதுவாகவே எதிரே வந்து நின்றது.

தொடரைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பில் வில்லிங்ஹாம் எழுதி, டிசி நிறுவனத்தின் வெர்டிகோ பிரிவில் 2002 முதல் 2015 வரை 150 இதழ்களாக வந்த அமெரிக்க காமிக்ஸ் இது. பெரும்பகுதிக்கு ஓவியம் மார்க் பக்கிங்ஹாம். ஸ்னோ ஒயிட், சிண்டரெல்லா, மூன்று பன்றிக்குட்டிகள், கெட்ட ஓநாய் என நாம் பள்ளிப் புத்தகத்திலும் கார்ட்டூனிலும் பார்த்தவர்கள் எல்லோரும் சொந்த நாடுகளை ஒரு படையெடுப்பாளனிடம் இழந்து, அகதிகளாக நியூயார்க்கில் வாழ்கிறார்கள். நகரத்துக்குள் அவர்களின் குடியிருப்புக்குப் பெயர் ஃபேபிள்டவுன். ஸ்னோ ஒயிட் அங்கே துணை மேயர். ஓநாய் மனித உருவெடுத்து, ‘பிக்பி’ என்ற பெயரில் ஷெரிஃப் வேலை பார்க்கிறது. அழகு இளவரசன் மூன்று முறை விவாகரத்தானவன். படிக்கச் சுவாரசியமான தொடர்தான். எங்களுக்கும் பிடித்திருந்தது.

பன்றிகள், கரடிகள், அரக்கர்கள் எங்கே என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. மனிதரைப் போலத் தோற்றமில்லாத எவருக்கும் நகரத்தில் இடமில்லை. நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், ஆள் நடமாட்டம் இல்லாத ஓரிடத்தில் ‘பண்ணை’ இருக்கிறது. அவர்கள் அங்கேதான் இருக்க வேண்டும். வெளியே போக அனுமதி இல்லை. சாப்பாடு உண்டு, பச்சைப் புல்வெளி உண்டு, வாசல் மட்டும் இல்லை. சொல்லப்படும் காரணம், எல்லோருடைய பாதுகாப்பு. சாதாரண மனிதர்கள் பேசும் பன்றியைப் பார்த்துவிட்டால் மொத்தச் சமூகமும் மாட்டிக்கொள்ளுமாம். மொத்தச் சமூகத்தின் பாதுகாப்புக்கான விலையை ஒரு பகுதி மட்டும் ஏன் கொடுக்க வேண்டும் என்று நகரத்தில் யாரும் கேட்பதில்லை.

ஒரு வழி இருக்கிறது. சூனியக்காரிகளிடம் காசு கொடுத்து உருவத்தை மறைக்கும் மந்திரம் வாங்கலாம். விலை அதிகம். வசதி உள்ளவர் மனிதராகத் தெரிவார், இல்லாதவர் பண்ணைக்குப் போவார். அமெரிக்க வாசகருக்கு இது புதிதல்ல. வெளிர் தோல் கொண்ட கறுப்பின மக்கள் வெள்ளையராகக் காட்டிக்கொண்டு வாழ்ந்ததை, அந்த வாழ்வின் அச்சத்தை, நெல்லா லார்சன் 1929-லேயே ‘பாசிங்’ நாவலில் எழுதிவிட்டார். எங்கள் வட்டத்தில் ஒரு தங்கைக்கும் இது புதிதாக இல்லை. நகரத்தில் வாடகைக்கு வீடு தேடியபோது “என்ன சாப்பிடுவீங்க? சொந்த ஊர் எது? ஊர்ல எந்தத் தெரு?” என்ற மூன்று கேள்விகளுக்கும் பொய் சொல்லித்தான் சாவி வாங்கினார். “அக்கா, நானும் தினம் அந்த மந்திரத்தைப் போட்டுக்கிட்டுத்தான் ஆபீஸ் போறேன்” என்றார். அன்று வட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. ஃபேபிள்டவுனுக்குள் வருபவர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அதோடு பழைய குற்றங்கள் எல்லாம் மன்னிக்கப்படும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பன்றிகளின் வீட்டை ஊதித் தள்ளிய ஓநாய்க்கு மனித உருவம் வாய்த்தது, அதனால் நகரமும் கிடைத்தது, அதிகாரமும் கிடைத்தது. வீட்டை இழந்த பன்றிகள் பண்ணையில். ‘பழசை மறப்போம்’ என்ற பேச்சில் லாபம் யாருக்கு என்று கேட்கும் பழக்கம் நமக்கு உண்டு. இந்தத் தொடருக்கும் அதே கேள்விதான்.

வில்லிங்ஹாம் இதைக் காணாதவர் அல்லர். இரண்டாம் தொகுதியில் பண்ணைவாசிகள் கிளர்ச்சி செய்கிறார்கள். ஆர்வெலின் 1945 நாவலை நினைவூட்டும் ‘அனிமல் ஃபார்ம்’ என்பதே அதன் தலைப்பு. ஆனால் அந்தக் கிளர்ச்சியை அவர் எப்படி எழுதுகிறார்? மூளையாக நிற்பவள் துப்பாக்கி ஏந்திய கோல்டிலாக்ஸ், தங்க முடிகொண்ட மனிதப் பெண். பன்றிகள் தாமாகவே யோசித்துத் தம் கோரிக்கையை வைக்கும் இடம் கிடைப்பதே இல்லை. தங்கள் கூட்டத்தைச் சேர்ந்த பன்றியையே கொன்று தலையைக் கழியில் செருகும் கொடூரர்களாகத்தான் கிளர்ச்சியாளர்கள் வருகிறார்கள். நியாயமான கோபம் முதல் சில பக்கங்களிலேயே வெறியாகிவிடுகிறது. கிளர்ச்சி ஒடுக்கப்படுகிறது, தலைவர்களாக நின்ற பன்றிகள் தலை துண்டிக்கப்படுகின்றன. அதற்கு முன்பு பண்ணையை நிர்வகித்தவர் மனித உருவம் கொண்டவர். பிறகு பொறுப்புக்கு வருபவள் ஸ்னோ ஒயிட்டின் தங்கை ரோஸ் ரெட், அவளும் மனித உருவம் கொண்டவளே. வேலி அப்படியே இருக்கிறது.

பின்னால் வரும் தேர்தல் கதை இன்னும் கூர்மையானது. இளவரசன் மேயர் பதவிக்கு நிற்கிறான். பண்ணையில் இருக்கும் எல்லோருக்கும் உருவம் மாற்றும் மந்திரம் தருவதாக வாக்குறுதி கொடுக்கிறான். ஜெயிக்கிறான். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான், அத்தனை பேருக்கும் தருவது நடக்கிற காரியம் அல்ல என்று தெரிகிறது. எங்கள் வட்டத்தில் இந்த இடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் அந்த வாக்குறுதியே கோளாறானது. பன்றி பன்றியாகவே நகரத் தெருவில் நடக்கலாம் என்று எந்த வேட்பாளரும் சொல்லவில்லை. ‘உங்களை எங்களைப் போல ஆக்குகிறோம்’ என்பதே அவர்கள் தரக்கூடிய அதிகபட்ச விடுதலை.

பண்ணையின் நியாயம் ஒரே ஒரு முறை நகரத்தின் வீட்டுக்குள் நுழைகிறது. ஸ்னோ ஒயிட்டுக்கும் பிக்பிக்கும் பிறந்த குழந்தைகள் முழு மனிதராக இல்லை. சட்டப்படி அவர்கள் பண்ணைக்குப் போக வேண்டும், தாயும் உடன் போகிறாள். பழைய பயத்தால் பிக்பிக்குப் பண்ணையில் நுழையத் தடை. குடும்பம் பிரிகிறது. வாசகர் கண்கலங்கும் இடம் இது. எங்களுக்கு எழுந்த கேள்வி வேறு. பிரிக்கப்பட்ட பன்றிகளுக்கும் கரடிகளுக்கும் வராத கண்ணீர், அதிகாரத்தில் இருந்தவளின் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் வந்தது?

அப்படியானால் இந்தத் தொடரைத் தூக்கி எறிந்துவிடலாமா? வேண்டாம். பிரிவினையைக் கண்ணுக்குத் தெரியும்படி வரைந்ததற்காகவே படிக்கலாம். பண்ணைக்குள் நின்று சொல்லும் குரல் அதில் இல்லை என்பதே எங்கள் விமர்சனம்.

அந்தக் குரலில் கதையைத் திருப்பிச் சொல்வது நமக்குப் பழக்கமான வேலைதான். 1873-இல் மகாத்மா பூலே ‘குலாம்கிரி’யில் அவதாரக் கதைகளைத் தோற்கடிக்கப்பட்டவர் பக்கமிருந்து சொன்னார். அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே அந்நூலைக் காணிக்கையாக்கினார். 2011-இல் வந்த ‘பீமாயணா’வில் கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் அண்ணலின் வாழ்வை வரைந்தபோது, காமிக்ஸின் கட்டங்களுக்குள் ஆட்களை அடைக்க மறுத்தார்கள். சாதி வெறி பேசுபவரின் சொற்களுக்குத் தேள் கொடுக்கு வரைந்தார்கள்.

2023 செப்டம்பரில் வில்லிங்ஹாம், ‘ஃபேபிள்ஸ்’ இனி பொதுச் சொத்து, யாரும் எடுத்து எழுதலாம் என்று அறிவித்தார். உரிமை தனக்கே என்று டிசி மறுத்தது. அந்த வழக்கு அவர்களோடு. மூன்று பன்றிக்குட்டிகளும் ஓநாயும் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமல்ல. வரையத் தெரிந்த தம்பி தங்கைகளுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: அந்தக் கதையை மறுபடி எழுதுங்கள். இம்முறை பண்ணை வேலியின் உட்புறத்திலிருந்து தொடங்குங்கள்.