சைக்கிள் றிம்மும் செப்புக்கம்பியும்

1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமின்றி இருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். ஆதலால் சைக்கிள் றிம்மைக்கொண்டு மின்சுருள் சுற்றலாம் என்றால் எவரும் நகைக்கமாட்டீர்கள்.

நீரிறைக்கும் மோட்டருக்கு வைக்கும் மின்னழுத்தச் சீராக்கிகள் சிலவற்றிலும் சில இன்வேட்டர்களிலும் வளைய வடிவச் சுருள் உண்டு. அது எரிந்தால் திருத்துவது கடினம். வளையத்தைத் திறக்க முடியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பி முழுவதும் நடுத்துவாரத்தினூடாகச் சென்று வரவேண்டும். 10 சதுர சென்ரிமீற்றர் குறுக்குவெட்டுள்ள இரும்பு வளையமாயின், 230 வோல்ற்றுக்கு ஏறத்தாழ 860 சுற்றுகள். கையாற் சுற்றினால் கம்பி முறுகும், பூச்சு உரியும். எண்ணிக்கை தவறுவது வேறு!

ஆரைக்கம்பிகள் கழற்றிய அலுமினிய றிம்மை ஓரிடத்தில் வெட்டி, சற்று விரித்து, வளையத்தை அதிற் கோத்து, வெட்டுவாயைத் தகடு வைத்துப் பூட்டவேண்டும். மூன்று சிறு சில்லுகளின்மேல் றிம் சுழலட்டும். வேண்டிய கம்பியை முதலில் றிம்மின் பள்ளத்தில் ஏற்றி, அதன் முனையை வளையத்திற் கட்டிச் சுழற்றினால், ஒரு சுழற்சிக்கு ஒரு சுற்று விழும். வெட்டுவாயை நன்கு அராவாவிட்டால் பூச்சுக் கீறி எல்லாம் வீண்.

தொழிற்பயிற்சி என்று இடம்பெயர்ந்த எம் இளைஞருக்கு ஆயத்தமான இயந்திரத்தையே கொடுக்கிறார்கள். பழுதானால் அது மூலையிற் கிடக்கிறது. மீண்டும் ஊர் மாறினால் கொண்டுசெல்லவும் முடிவதில்லை. முதல் மாதம் இயந்திரத்தை அவர்களே செய்யட்டும் என்கிறோம். 1831இல் மைக்கல் பரடே இரும்பு வளையமொன்றிற் கம்பி சுற்றியே மின்தூண்டலைக் கண்டார். அவரும் கொல்லர் ஒருவரின் மகன், புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர்.

சுற்றி முடித்த சுருளை, தொடரில் ஓர் இழைமின்குமிழ் வைத்து, தேர்ந்த மின்வினைஞர் ஒருவரே முதலில் மின்னோடு இணைத்துப் பார்க்கட்டும்.