மாவட்டத்தை மாற்றினால் பெயரை ஏன் அழிக்க வேண்டும்?

ஆன்லைன் விண்ணப்பம் நிரப்புவதில் எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கூடுதல் தொல்லை உண்டு. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்து, 2002-ல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. ஜெயங்கொண்டத்தை விட்டு எங்கும் போகாத ஒருவரின் சான்றிதழ்களில் மூன்று மாவட்டப் பெயர்கள் இருக்கலாம்!

அவர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பழைய சான்றிதழைப் பார்த்து 'பெரம்பலூர்' என்று தேர்வு செய்கிறார். வட்டங்களின் பட்டியலில் குன்னம் இருக்கிறது, வேப்பந்தட்டை இருக்கிறது, அவருடைய வட்டம் இல்லை. சரி என்று 'அரியலூர்' என மாற்றுகிறார். பக்கம் ஒருமுறை கண் சிமிட்டுகிறது. டைப் செய்த பெயர், முகவரி எல்லாம் காலி. நானும் சில தளங்களில் இப்படி அவதிப்பட்டிருக்கிறேன். விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள் என்றால் சொல்லவே வேண்டாம்.

என்ன நடக்கிறது? பட்டியலில் ஒன்றை மாற்றியதுமே முழு படிவத்தையும் சர்வருக்கு அனுப்பும்படி ஜாவா ஸ்கிரிப்டில் எழுதிவிடுகிறார்கள். சர்வர் புதுப் பக்கத்தை அனுப்புகிறது. டைப் செய்தவற்றை அதில் திரும்ப நிரப்ப புரோகிராமர் மறந்தால் போச்சு. நிரப்பினாலும் போட்டோ போய்விடும். ஃபைல் பெட்டியில் சர்வர் எதையும் நிரப்ப, பாதுகாப்பு கருதி, பிரவுசர்கள் விடுவதில்லை.

வட்டங்களின் பெயரை மட்டும் பின்னணியில் வாங்கிக்கொள்ள எக்ஸ்எம்எல் ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட் வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. இன்று 'ஃபெட்ச்' இன்னும் சுலபம். அதுகூட வேண்டாம்; தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள், முந்நூறுக்குச் சற்று அதிகமான வட்டங்கள். மொத்தத்தையும் பக்கத்தோடு அனுப்பினாலும் ஒரு சின்னப் படத்தின் அளவுகூட வராது. ஆகவே இது தொழில்நுட்பக் குறை அல்ல, அலட்சியம் என்பேன்.

பட்டன் கதையும் இதே ரகம்தான். ஹெச்டிஎம்எல் படிவத்துக்குள் 'டைப்' குறிப்பிடாமல் வைக்கும் பட்டன் தானாகவே 'சப்மிட்' பட்டனாகிவிடும். 'மேலும் ஒரு வரி சேர்' என்று அழுத்தினால் அரைகுறை விண்ணப்பம் கிளம்பிவிடுகிறது. 'டைப்' என்ற இடத்தில் 'பட்டன்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் தீர்ந்தது.

தளத்தை எழுதுபவர்கள் திருந்தும் வரை நாம் செய்யக்கூடியது இதுதான்: முதலில் மாவட்டம், வட்டம். பிறகு பெயர், முகவரி. போட்டோவைக் கடைசியில் சேருங்கள்.