கப்பல் டூருக்குக் காசு கட்டுமுன் கொஞ்சம் வாசியுங்கள்



நீளமான பதிவு. வேலை முடிந்து ஆறுதலாக வாசியுங்கள்.

ஆகஸ்ட் லீவுக்குக் குடும்பத்தோடு கப்பலில் போவதைப் பற்றித்தான் இரண்டு மூன்று கிழமையாக ஊரில் பேச்சு. காங்கேசன்துறையில் ஏறி நாகப்பட்டினம், அங்கே மூன்று நாள் வேனில் சுற்றுவது, திரும்பவும் கப்பலில் வருவது. வீட்டில் நாங்கள் இருவரும் ஆசிரியர்கள் என்பதால் படிவம், விசா, இணையம் எல்லாம் எங்களுக்குத் தெரியும் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலிலும் கேட்கிறார்கள், ஸ்கூல் கேற்றடியிலும் கேட்கிறார்கள். "டீச்சர், காசு கட்டலாமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி எங்களுக்கும் அலுத்துவிட்டது. அதனால் ஒரேயடியாக இங்கே.

போங்கள் என்பதுதான் எங்கள் கருத்து. ஆனால் தெரிவு செய்கிற ஒழுங்கு பிழை. எல்லோரும் முதலில் கப்பலைப் பார்க்கிறோம். கப்பல் எப்படி, எவ்வளவு, எத்தனை மணித்தியாலம் என்று விசாரிக்கிறோம். தரையில் எங்கே போவது, எங்கே தங்குவது என்பது கடைசியில், "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆகிவிடுகிறது. போன வருடம் நாங்களும் அதையேதான் செய்தோம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். இது பயணிகள் கப்பல்தான். எங்கள் சின்ன மகள் கேட்டது போல மேலே நீச்சல் தடாகமும், இரவில் தூங்க அறையும் உள்ள கப்பல் அல்ல. சுமார் 110 கிலோமீற்றர் கடல், நாலு மணித்தியாலம் அளவில் இருக்கையில் உட்கார்ந்து போவது, அவ்வளவுதான். நீச்சல் தடாகக் கப்பலும் நம் நாட்டுக்கு வந்தது. 2023 ஜூன் மாதத்தில் கோர்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்து போனது. ஆனால் அது சென்னையில் ஏறிச் சென்னையில் இறங்குகிற ஆட்களுக்கானது. ஒவ்வொரு துறைமுகத்திலும் சில மணித்தியாலம் இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏற வேண்டும். டோஹாவிலும் ஜித்தாவிலும் வேலை செய்கிற நம் பிள்ளைகள் இப்போது அந்தப் பக்கத்துச் சொகுசுக் கப்பல்களின் படங்களை அனுப்புகிறார்கள். ஜித்தாவிலிருந்து 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கிய அரோயா கப்பலைப் பற்றி எங்கள் மச்சான் ஒருவர், உம்ராவும் முடித்து அதிலும் ஏறலாம் என்று ஆசை காட்டுகிறார். அல்லாஹ் நாடினால் பார்ப்போம். ஆசிரியர் சம்பளத்துக்கு இப்போதைக்குக் காங்கேசன்துறைதான்.

இனிக் கணக்குக்கு வருவோம். நாகப்பட்டினமும் தமிழ்நாடும் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், ஆலங்குடாவில் இருக்கிற நமக்குக் கப்பல் சரியான தெரிவே இல்லை. கட்டுநாயக்க நமக்கு மூன்று மணித்தியாலப் பயணம். காங்கேசன்துறை அதன் இரண்டு மடங்குக்கும் மேல் தூரம். முதல் நாளே போய் யாழ்ப்பாணத்தில் அறை எடுக்க வேண்டும், திரும்பி வந்தும் ஒரு இரவு. ஐந்து பேர் குடும்பத்துக்கு அந்த இரண்டு இரவும் வேன் கூலியும் சேர்த்தால், கப்பல் மலிவு என்று சொன்னது எங்கேயோ போய்விடும். திருச்சிக்கு விமானம் இருக்கிறது. ஒரு மணித்தியாலத்தில் இறங்கிவிடலாம்.

அப்படியென்றால் கப்பல் யாருக்கு? போகிற வழியில் வடக்கையும் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு. வடக்கு வெறும் வழி அல்ல, அதுவே பயணத்தின் பாதி என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கப்பலில் ஏறுவதில் ஒரு அர்த்தம் இருக்கிறது.

போன வருடம் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறோம். முழுக் காசையும் ஏற்பாடு செய்தவரிடம் முதலிலேயே கட்டிவிட்டோம். யாழ்ப்பாணம் போய் இறங்கிய அன்று மாலை, கடல் சரியில்லை, நாளைக்குப் பயணம் இல்லை என்று தகவல் வந்தது. கடலுக்கு யார் என்ன செய்ய முடியும்? கப்பல் சீட்டுக் காசு பிறகு திரும்பி வந்தது. ஆனால் அந்தப் பக்கத்து அறைக்கும் வேனுக்கும் கட்டிய அட்வான்ஸ் போனது போனதுதான். சிட்டை கூட வாங்கியிருக்கவில்லை. ஆசிரியர்கள் என்று பெயர்! அதைவிடப் பெரிய கஷ்டம், மூன்று பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அடுத்த மூன்று நாளும் என்ன செய்வதென்று தெரியாமல் லொட்ஜ் அறையில் இருந்தது. வடக்கில் எதைப் பார்ப்பது என்று ஒரு வரி கூட நாங்கள் எழுதி வைத்திருக்கவில்லை.

கடைசியில் பூநகரி வழியாகத் திரும்புவோம் என்று சங்குப்பிட்டிப் பாலத்தால் வந்து மன்னாருக்குள் திரும்பினோம். கோட்டை, பள்ளிமுனையில் இருக்கிற அந்த பெரிய பெருக்க மரம், தலைமன்னார் பழைய இறங்குதுறை. பிள்ளைகள் இன்றைக்கும் பேசுவது அந்த ஒன்றரை நாளைப் பற்றித்தான். மரத்தைச் சுற்றிக் கைகோத்து நிற்க எத்தனை பேர் வேண்டும் என்று பார்க்க, வழியில் போன சைக்கிள்காரர்களையும் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள்.

தலைமன்னாரில் நின்றபோது பிள்ளைகளுக்குச் சொன்னோம். 1914 இலிருந்து இங்கேயிருந்துதான் கப்பல் தனுஷ்கோடிக்குப் போனது. கொழும்பில் ரயில் ஏறினால் கடலைக் கடந்து, மறுபடி ரயில் ஏறிச் சென்னை வரைக்கும் ஒரே பயணமாகப் போகலாம். 1964 டிசம்பர் சூறாவளியில் தனுஷ்கோடி அழிந்த பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடியது. 1984 உடன் அதுவும் நின்றது. 2011 ஜூனில் கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு ஸ்கோஷியா பிரின்ஸ் என்று ஒரு பெரிய கப்பல் விட்டார்கள். ஆறு மாதம் ஆகுமுன் நின்றுவிட்டது. காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபர் 14 இல் ஆரம்பித்து, சில நாளிலேயே மழைக்காலம் என்று நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட் 16 இல் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி தொடங்கி, வருடக் கடைசியில் நின்று, 2025 பெப்ரவரியில் மீண்டும் ஓடியது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்தக் கடல் அப்படி. வாடைக்காற்றுக் காலத்தில் பாக்கு நீரிணை கொந்தளிக்கும். நம் மீனவச் சகோதரர்களுக்கு நாங்கள் பாடம் எடுக்கத் தேவையில்லை. நம் பக்கத்தில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் கடல் படுத்திருக்கும், டொல்பின் பார்க்க வெள்ளைக்காரர்கள் வந்து குவிவார்கள். அதே டிசம்பரில் அங்கே நிலைமை வேறு. அதனால் டிசம்பர் லீவுக்கு யாராவது நாகப்பட்டினம் கப்பல் என்று சொன்னால் காசைக் கொடுக்காதீர்கள். ஏப்ரல், ஆகஸ்ட் என்றால் யோசிக்கலாம். அதிலும் கப்பல் போகாவிட்டால் என்ன செய்வது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் புறப்படுங்கள். திரும்புகிற நாளுக்கும் ஸ்கூல் திறக்கிற நாளுக்கும் இடையில் இரண்டு நாளாவது விடுங்கள்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: லீவு காலம்தானே என்று நினைக்க வேண்டாம், வெளிநாடு போக அனுமதி எடுக்க வேண்டும். அதிபர், வலயம் என்று கடிதம் நகர்கிற வேகம் உங்களுக்கே தெரியும். இப்போதே கொடுங்கள். விசாவில் ஒன்றைக் கவனியுங்கள். இந்திய இ-விசாவில் நினைத்த இடத்தால் நுழைய முடியாது, அதற்கென்று குறித்த விமான நிலையங்களும் துறைமுகங்களும் இருக்கின்றன. நீங்கள் இறங்குகிற துறைமுகத்துக்கு உங்கள் விசா செல்லுபடியாகுமா என்று காசு கட்டுமுன் பாருங்கள், கட்டிய பிறகு அல்ல. வாந்தி மாத்திரையும் அப்படித்தான், ஏறுவதற்கு முன்னால் போட வேண்டும். பிள்ளைகளை நடுப்பகுதியில் இருத்தி, ஃபோனைப் பறித்து, தூரத்துக் கடலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நகை அடகு வைத்துப் போவது வேண்டாம். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல மாட்டோம்.

நாகப்பட்டினத்தில் இறங்கினால் மூன்று நாளில் மதுரை, கொடைக்கானல், சென்னை எல்லாம் என்று ஒரு பட்டியல் சுற்றுகிறது. பிள்ளைகளும் வயதானவர்களும் வேனிலேயே தேய்ந்துபோவார்கள். பக்கத்திலேயே நாகூர் இருக்கிறது. தர்கா விடயத்தில் ஊரில் இரண்டு கருத்து உண்டு, அதைக் கிளற வரவில்லை. ஆனால் கல்முனைக் கடற்கரைப் பள்ளி வரைக்கும் அதன் பெயர் பரவியிருக்கிறதே, அந்த ஊரையும் அந்தக் கடைத்தெருவையும் பார்ப்பதில் என்ன தவறு? சாப்பாட்டுக்கும் அங்கே கவலையில்லை. வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் தரங்கம்பாடி. 1620 இல் டென்மார்க்காரர் கட்டிய கோட்டை கடலோரமாகவே நிற்கிறது. 1715 இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சான ஊர் அது. கற்பிட்டி ஒல்லாந்தர் கோட்டையைத் தினமும் பார்க்கிற நம் பிள்ளைகளுக்கு, அதே காலத்தில் அதே கடலைச் சுற்றி இன்னொரு நாட்டுக்காரர் என்ன செய்தார்கள் என்று காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை.

இனி இந்தப் பதிவை எழுதக் காரணமான விடயம்.

போன வருடம் உம்மாவை நாங்கள் கூட்டிப் போகவில்லை. "நீங்க போய் வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கொள்றேன்" என்றார்கள். சரி, வயது என்று விட்டுவிட்டோம். பாஸ்போர்ட் செலவு ஒன்று குறைந்தது என்று கூட உள்ளுக்குள் நினைத்தோம், அதையும் மறைக்கவில்லை.

1990 ஒக்டோபர் வெளியேற்றத்தில் உம்மா மன்னாரிலிருந்து போட்டில் வந்தவர். எங்களில் மூத்தவர் அப்போது எட்டு மாதக் குழந்தையாக உம்மாவின் மடியில். மற்றவர் பிறந்ததே இங்கே, கிடுகுக் கொட்டிலில். மழைக்குள் கரையில் காத்திருந்து, ஒரு போட்டில் ஏற்றக்கூடாத அளவு ஆட்களோடு கற்பிட்டியில் வந்து இறங்கிய கதையை இந்த ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றப் பாதி, நமக்கு இடம் தந்தவர்கள், அவர்களும் கண்ணால் கண்டவர்கள். கடலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரும் நம்மோடு இருந்தார்கள்.

அன்றிலிருந்து உம்மா கடலுக்கு நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறார்கள். மீன் வாங்கக் கரைக்குப் போவார்கள். ஒரு தடவை கூடப் போட்டில் ஏறியதில்லை. இத்தனை வருடத்தில் நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. இந்த வருடம் பாஸ்போர்ட் படிவத்தில் கையெழுத்துக் கேட்டபோதுதான் சொன்னார்கள்: "கடல் பார்க்கிறதுக்குத்தான் மகன், ஏறுறதுக்கு இல்ல."

கப்பல் டூர் என்று துள்ளுகிற குடும்பங்களில் எத்தனை வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார்? "உம்மா வரமாட்டாங்க, அவங்களுக்கு மூட்டுவலி" என்று நாம் சொல்லிக்கொள்வது உண்மையிலேயே மூட்டுவலியா? கேட்டுப் பார்த்தோமா? கட்டாயப்படுத்தி ஏற்றச் சொல்லவில்லை. கேட்காமல் விட்டுவிட்டுப் போவதும், கேட்காமல் பெயரைப் போட்டு ஏற்றுவதும் இரண்டும் ஒன்றுதான் என்று எங்களுக்குப் படுகிறது.

நாங்கள் ஒன்று செய்து பார்த்தோம். போன மாதம் ஒரு சனிக்கிழமை, காற்று எழும்புமுன் காலையில், தெரிந்த ஒருவரின் போட்டில் கற்பிட்டிக் களப்புக்குள் ஒரு மணித்தியாலம். கடல் பக்கம் அல்ல, களப்புப் பக்கம். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். வேண்டாம் என்றால் உடனே திரும்புவோம் என்று சொல்லித்தான் ஏற்றினோம். உம்மா சின்ன மகளின் கையை விடவே இல்லை. பாதித் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓதிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போது கோட்டைச் சுவர் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அன்டைக்கு மழை. இது ஒன்டும் தெரியல்ல" என்றார்கள். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை அவர்களாகவே கேட்டார்கள், கப்பலுக்குப் போகிற வழியில் மன்னார் வருமா என்று. வரச் செய்யலாம் என்றோம். அநுராதபுரம், மதவாச்சியால் திரும்பினால் மன்னார். அங்கே இரண்டு இரவு, சொந்தக்காரர் வீட்டில். பிறகு பூநகரியால் யாழ்ப்பாணம். உம்மா சொன்ன நிபந்தனை இரண்டுதான்: பகலில் ஓடுகிற கப்பலாக இருக்க வேண்டும், அன்று காலை கரைக்குப் போய்க் கடலைப் பார்த்த பிறகுதான் வருகிறேனா இல்லையா என்று சொல்வேன்.

வரமாட்டேன் என்று சொன்னால் எங்களில் ஒருவர் உம்மாவோடு யாழ்ப்பாணத்தில் நிற்பது, மற்றவர் பிள்ளைகளோடு போய் வருவது என்று பேசி முடித்திருக்கிறோம். யார் நிற்பது என்பதில்தான் இன்னும் சண்டை. மன்னார் வீட்டுக்கு ஃபோன் எடுத்துச் சொல்லியாகிவிட்டது. உம்மா இப்போதே கருவாடு காயப்போட ஆரம்பித்துவிட்டார்கள், வெறும் கையோடு போகக்கூடாதாம்.