பார்க்லியின் கோப்பில் விடுபட்ட தாள்

மேனாட்டுத் தத்துவம் பேசும் நம் அன்பர்கள் கருத்துமுதல்வாதி ஜார்ஜ் பார்க்லியின் வாழ்வையும் நூல்களையும் எழுதப் புகுந்தால், 1685இல் அயர்லாந்தில் பிறந்தார், 1710இல் மனித அறிவின் அடிப்படைகள் குறித்து நூல் இயற்றினார், 1734இல் குளோய்ன் பகுதியின் பிஷப்பானார், 1753இல் மறைந்தார் என அடுக்குவர். இடையே அமெரிக்கா சென்றதைக் 'கல்லூரி நிறுவச் சென்றார். பிரிட்டிஷ் பாராளுமன்றம் வாக்களித்த 20,000 பவுன் வரவில்லை. திரும்பினார்' என ஒரே வரியில் முடிப்பர். கோப்புகளோடு காலங்கழிக்கும் எனக்கு, ஒரு தாள் மட்டும் இவ்வாறு காணாமற்போவது உறுத்துகிறது.

அத்தாளில் உள்ளது இது: 1729இல் ரோட் தீவின் நியூபோர்ட்டை அடைந்து பண்ணை வாங்கிய பார்க்லி, 1730இல் மனிதரையும் விலைக்கு வாங்கினார். அவர்களுள் பிலிப் என்பவனுக்கு வயது ஏறத்தாழ 14. மறு ஆண்டில் தம் அடிமைகள் மூவருக்கு ஞானஸ்நானம் செய்வித்தார். கிறிஸ்தவனான அடிமை மேலும் நல்ல அடிமையாவான் என்று பிரசங்கமும் செய்தார்.

அக்காலத்து வழக்கம் அது என்பர். 1688லேயே பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் குவேக்கர் நால்வர் அடிமை முறையைக் கண்டித்துக் கையொப்பமிட்டனரே! அவர்கள் எக்காலத்தவர்?

வாழ்வு வேறு, தத்துவம் வேறு என்பது இன்னும் நயமான சமாதானம். பார்க்லிக்கு இது அறவே பொருந்தாது. உலகம் பொய் என்று அவர் சொன்னதாகக் கருதி மாயாவாதத்தோடு முடிச்சுப் போடுவோர் அவர் நூலைப் புரட்டாதவர். காணும் மரமும் மலையும் உண்மையே; ஆனால் எவ்வறிவையும் சாராது தனித்து நிற்கும் சடப்பொருள் இல்லை என்பதே அவர் கொள்கை. பொருள்களுக்கு இருத்தலாவது அறியப்படுதல். ஆன்மாவுக்கோ அறிதலும் விழைதலும். ஆன்மாவே மெய்ப்பொருள்.

அவ்வாறாயின் பிலிப் அறிபவனா, அறியப்படும் பண்டமா? ஆன்மா இல்லாதவனுக்கு எவரும் ஞானஸ்நானம் தருவதில்லை. மெய்ப்பொருள் என்று தாமே நிலைநாட்டிய ஒன்றைத்தான், அறிந்தே, பார்க்லி காசு கொடுத்து வாங்கினார். அவர் நூலை மதிப்பவனே இதை முதலில் கேட்கக் கடமைப்பட்டவன்.

அவர் பயின்று ஆசிரியராகவும் இருந்த டப்ளின் டிரினிட்டி கல்லூரி, 2023இல் தன் நூலகத்திலிருந்து அவர் பெயரை நீக்க முடிவு செய்தது. நன்றி கொன்ற செயல் என்று சிலர் புலம்பினர். அவர் தத்துவத்தை அக்கல்லூரி தொடர்ந்து கற்பிக்கவே செய்கிறது. நீங்கியது சுவரிலிருந்த பெயர்.