சுவருக்கு இரு பக்கம்

"என் வீடு, என் பணம், என் விருப்பம், இதில் நகராண்மைக் கழகத்திற்கு என்ன வேலை?" என்று முழங்குவோர் தாமான்தோறும் மலிந்துவிட்டனர். இம்முழக்கம் உரிமைக் குரல் அன்று, அறியாமையின் ஆரவாரம்.

வரிசை வீட்டின் நடுச்சுவர் ஒருவருக்கே உரியதன்று. இப்பக்கம் ஆணி அடித்தால் அப்பக்கம் உறங்கும் குழந்தை விழித்துக்கொள்கிறது. அத்தகைய சுவரைக் கணக்கறியாது இடித்துக் கட்டுவோர் அண்டை வீட்டாரின் உயிரையும் பணயம் வைக்கின்றனர். தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, எழுத்து மூலமான முன் அனுமதியைக் கட்டாயமாக்குகிறது. புதிய வீட்டிற்கு மட்டுமன்று. புதிய அடித்தளமிட்டு வீட்டை நீட்டுவதற்கும், சுவர்களுக்கிடையே உள்ள திறந்த வெளிக்குக் கூரை போடுவதற்குங்கூட அது பொருந்தும். சமையலறையைப் பின்சந்து வரை நீட்டுவோர் இதனை எண்ணுவதுண்டா?

"பெர்மிட் எதற்கு? நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் குத்தகையாளர். பணம் பெற்றதும் அவர் போய்விடுவார். இடிப்பு ஆணை வரும்போது வாசலில் நிற்பவர் வீட்டுக்காரரே.

அனுமதி தாமதமாகிறது, வரைபடத்திற்குச் செலவாகிறது என்பன மெய்யே. அக்குறைகளைக் கழகத்திடம் தட்டிக் கேட்பது குடிமக்களின் கடமை. அவற்றைச் சாக்காக்கிச் சட்டத்தை மீறுவது நேர்மையன்று.

விண்ணப்பம் மலாய்மொழியில் உள்ளது. அதைப் படிக்க இயலாத பெற்றோர் குத்தகையாளரின் சொல்லையே வேதமெனக் கொள்கின்றனர். அவ்வீட்டிலேயே மும்மொழி பயிலும் மாணவன் இருக்கின்றானே! அவன் படித்துப் பொருள் கூறட்டும். ஆசிரியர் அதற்கு வழிகாட்டட்டும். தேர்வுத் தாளோடு முடிந்துவிடும் கல்வி எவர் வீட்டையும் காக்காது.